நேரில் நில்லாதவர் பெயர்

சவுக்குமேட்டுக் குப்பத்து அங்கமுத்துவுக்கு இப்போது வயது ஐம்பத்தெட்டு. உயரம் குறைவு, தோள் அகலம். பழவேற்காட்டில் ஒன்பதாம் வகுப்பு வரை படித்தவர். அவர் தலைமுறையில், குப்பத்து ஆண்களுள் கோணாமல் கோடு போட்டு எழுதத் தெரிந்தவர் அவர் ஒருவரே. ஆதலால் ஊர்க்கூட்டத்தின் தீர்மானப் புத்தகம் இருபத்திரண்டு ஆண்டுகள் அவர் பொறுப்பில் இருந்தது. சென்ற ஆண்டு வைகாசி மாதத்து இரண்டாம் ஞாயிற்றுக்கிழமையோடு அந்தப் பொறுப்பு முடிந்தது. முடிந்த விதம் வருமாறு.

பழவேற்காடு ஏரி கடலோடு கலக்கும் முகத்துவாரத்தை ஒட்டி இறால் மிகுதியாக ஓடும் சில இடங்கள் உண்டு. அவற்றில் யார் எந்த நாளில் வலை கட்டலாம் என்பதை ஆண்டுக்கொருமுறை சீட்டுக் குலுக்கி முடிவு செய்வார்கள். இந்த முறைக்குப் பாடு என்று பெயர். திருமணமான ஆண் ஒவ்வொருவனும் ஒரு தலைக்கட்டு. தலைக்கட்டுக்கு ஒரு பெயர். பெயர் பட்டியலில் இருந்தால்தான் பாடு. புதிதாக மணம் முடித்தவனைத் தகப்பன் அழைத்து வந்து, இருவரும் ஏரிக்கரைத் திடலில் கூட்டத்தின் முன் நின்று பெயர் கொடுக்க வேண்டும்.

ஆண்டுக்கொருமுறை எல்லாப் பெயர்களையும் வரிசையாக அழைத்துப் பதியும் பதிவு நாளுக்கென்று சில பழைய கட்டுப்பாடுகளும் உண்டு. முந்தைய நாள் மாலைக்குள் எல்லா வலைகளும் நீரை விட்டு ஏறிவிட வேண்டும். பதிவு முடியும் வரை பட்டியலில் பெயர் உள்ள எவனும் படகை நீரில் இறக்கலாகாது. மீறியவன் பெயர் ஓராண்டுக்கு நீங்கும்.

இவற்றோடு அங்கமுத்து தாமே எழுதிச் சேர்த்த விதி ஒன்றும் இருந்தது. அது பிறந்தது வேணுவின் பொருட்டு.

வேணு, அங்கமுத்துவின் தூரத்து அக்காள் மகன். மூன்றாண்டுகளுக்கு முன் பதிவு நாளன்று அவன் பொன்னேரியில் மருத்துவமனையில் இருந்தான். அவன் மனைவி செவ்வந்திக்கு எட்டாம் மாதத்திலேயே வலி கண்டிருந்தது. பெயர் அழைக்கும் நேரத்தில் அவன் ஊர்த் தலைவரான நாட்டார் முத்துராஜுக்குத் தொலைபேசியில் பேசினான். நாட்டாருக்குக் காது சற்று மந்தம். அவர் கருவியை அருகில் நின்ற அங்கமுத்துவிடம் நீட்டினார். அங்கமுத்து காதில் வைத்துக் கேட்டார், தலையை அசைத்தார்.

"லைன் சரியில்ல. எவனோ இன்னாவோ கத்தறான். இது வேணுன்னு எப்டி நம்பறது? நாளைக்கு மெட்ராஸ்ல குந்திகினு அவனவன் போன்லயே பாடு எடுப்பான். ஊருன்னு ஒண்ணு இன்னாத்துக்கு?"

அதில் நியாயமும் இருந்தது. அதற்கு முந்தைய ஆண்டு இருவர் அவ்வாறு வெளியூரிலிருந்து பெயரைக் காத்துக்கொண்டு, தம் முறையைப் பிறருக்கு விட்டிருந்தார்கள். நியாயமல்லாத ஒன்றும் இருந்தது. எண்பத்தைந்து தலைக்கட்டு எண்பத்து நான்கானால், ஒவ்வொருவர் முறையும் சற்றே முன்னதாக வரும். கூட்டம் தலையாட்டியது. அங்கமுத்து அங்கேயே அமர்ந்து எழுதினார்: "ஆள் திடலில் நேரில் நிற்க வேண்டும். தொலைபேசி செல்லாது. மூன்று முறை அழைத்தும் நேரில் நில்லாதவர் பெயர் அவ்வாண்டுக்கு நீங்கும். பெயர் நீங்கியவர் அவ்வாண்டு பிறர் பெயரைக் கொடுத்தலும் இயலாது." கடைசி வாக்கியத்தை எவரும் கேட்கவில்லை. விதி என்று எழுதினால் அதில் ஓட்டை இருக்கக் கூடாது என்பது அவர் கொள்கை.

பிறகு இரண்டொருவர் வேணுவுக்காக வருந்தியபோது, "அவனா தேடிகினது. பொண்டாட்டிக்குத் துணையா மாமியாரு இல்லியா?" என்றார்.

குழந்தை பிழைத்தது, வைஷ்ணவி என்று பெயர். வேணு அடுத்த ஆண்டு பெயர் கொடுக்க வரவில்லை. பறவை பார்க்க வருகிறவர்களைத் தன் படகில் ஏற்றி ஏரியைச் சுற்றிக் காட்டும் வேலையில் இறங்கிவிட்டான்.

இனிச் சென்ற ஆண்டுக்கு வருகிறேன். அவ்வாண்டு அங்கமுத்துவின் ஒரே மகன் பூவரசனுக்குத் தை மாதத்தில் திருமணம் நடந்திருந்தது. மருமகள் மோகனப்பிரியா திருப்பாலைவனத்துப் பெண். ஏரித் தொழிலை விட்டுப் போக மாட்டேன் என்று பெண் வீட்டாரிடம் உறுதி சொல்லி மணந்தவன் பூவரசன். அந்த உறுதிக்கு ஆதாரம் பாடு. பாடு இல்லையேல் அவனுக்கு அந்த ஏரியில் சொந்தமாக வலை கட்ட இடமில்லை.

பதிவுக்கு முந்தைய இரவு ஏரி முழுவதும் வலையின்றித் திறந்து கிடக்கும். இறால் தடையின்றி ஓடும். அந்த ஓர் இரவில் ஒரே ஒரு வலை மட்டும் நீரில் இருந்தால் அது எவ்வளவு அள்ளும் என்பதை அங்கமுத்து ஆறாண்டுகளாக அறிந்திருந்தார். ஆண்டுதோறும் பெரிய மடு என்னும் பள்ளத்தின் ஓரத்தில் ஒரு வலையை விட்டுவைப்பார். விடியற்காலையில் இயந்திரத்தை இயக்காமல் கழியூன்றிப் போய் எடுத்து வந்துவிடுவார். அவர் மனைவி கஸ்தூரியம்மாளைத் தவிர எவருக்கும் இது தெரியாது.

சென்ற ஆண்டும் ஐந்து மணிக்குப் புறப்பட்டார். ஐந்தே முக்காலுக்கு வலையை அடைந்தார். வலை கனத்திருந்தது, ஏற்றி முடிக்க ஒரு மணி நேரமாயிற்று. அந்த ஒரு மணியில் இரண்டு காரியங்கள் நடந்தன. வற்று நீர் இறங்கிக்கொண்டிருந்தது. மேற்குக் காற்றும் வலுத்து நீரைக் கிழக்கே தள்ளியது. முகத்துவாரம் அவ்வாண்டு மணல் மூடிக் குறுகியிருந்ததால் ஏரியில் நீர் ஏற்கெனவே குறைவு. அவர் நிமிர்ந்து கழியை ஊன்றியபோது கழி இறங்கியது, படகு நகரவில்லை. ஏற்றிய இறாலின் பாரம் படகைச் சேற்றில் அழுத்தியிருந்தது. பாதியைக் கொட்டினார். அப்போதும் நகரவில்லை. ஏழே காலுக்குப் படகைச் சுற்றி நீர் இல்லை. நாற்புறமும் கறுத்த உளைச் சேறு பளபளத்தது. காலை இறக்கிப் பார்த்தார். தொடை வரை போயிற்று. அடி தட்டவில்லை. படகின் விளிம்பைப் பற்றி ஏறிக்கொள்ளவே மூச்சு வாங்கியது.

கரை அறுநூறு மீட்டருக்கு அப்பால் இருந்தது. கங்கையம்மன் கோயில் கொடி தெரிந்தது. சவுக்குத் தோப்பு ஒன்று இடையில் இருந்ததால், படுத்துக்கொண்டால் திடலிலிருந்து அவரைக் காண இயலாது. அவர் படுத்துக்கொண்டார்.

எட்டரைக்குத் தொலைபேசி அழைத்தது. கஸ்தூரியம்மாள்.

"எங்கய்யா கீற? புள்ள புது வேட்டி கட்டிகினு திடலுக்குப் போயிட்டான்."

"மடுவாண்டதான் கீறேன். படகு தரை தட்டிகிச்சு."

"தட்டிகிச்சின்னா தள்ளினு வா."

"தள்றதுக்குத் தண்ணி எங்க கீது? சுத்தி சேறு. எறங்குனா ஆளையே முழுங்குது."

"நல்லா வேணும்யா உனக்கு. தலபாடா அடிச்சிகினேன். ஊரே வலைய ஏத்திட்டு கம்முனு கீது; உன்ன மட்டும் எறா வெத்தல பாக்கு வச்சி கூப்டுச்சா?"

"வூட்டுக்கு வந்தப்பறம் திட்டு. இப்ப ஒரு வழி சொல்லு."

"இன்னா வழி? இன்னிக்கு எவன் படக எறக்குவான்? எறக்குனா பேரு போயிடுமே." திடீரென்று அவள் குரல் மாறியது. "வேணு கீறானே. அவனுக்குத்தான் பேரே இல்லியே. அவன் எறக்குனா யாரும் கேக்க முடியாது."

"அவனாண்டயா?"

"வேற எவன் கீறான், சொல்லு."

"வாணாம். தண்ணி ஏறும். பாத்துக்கலாம்."

நீர் ஏறவில்லை. வெயில் ஏறியது. படகின் அடியில் மிச்சமிருந்த இறால் சிவந்து நாறத் தொடங்கியது. கையிலிருந்த தொலைபேசியில் மின்னூட்டம் முழுமையாக இருந்தது. அலைவரிசையும் தெளிவாகக் கிடைத்தது. நாட்டாரின் எண்ணை அழுத்தினால் திடலில் அவர் சட்டைப்பையில் மணி ஒலிக்கும். அதனால் பயன் ஒன்றும் இல்லை என்பதை அங்கமுத்துவைவிட நன்கறிந்தவர் அந்த ஊரில் இல்லை. அப்போதே வேணுவை அழைத்திருந்தால் அவர் குளித்துச் சட்டை மாற்றித் திடலில் நின்றிருக்க முடியும். ஒரு மணி நேரத்தைக் கூச்சத்துக்குக் கொடுத்தார்.

ஒன்பதரைக்கு ஒலிபெருக்கியில் அம்மன் பாட்டு நின்றது. நாட்டாரின் குரல் நீர் வற்றிய ஏரியின்மேல் தெளிவாக வந்தது. முதல் பெயர். "கீறேன்" என்ற பதில். இரண்டாம் பெயர். அங்கமுத்துவின் எண் முப்பத்தொன்று. ஒரு பெயருக்கு ஒரு நிமிடம் என்று கணக்கிட்டார். ஒன்பதாவது பெயர் வந்தபோது மனைவியை அழைத்தார்.

கஸ்தூரியம்மாள் வேணு வீட்டுக்கு ஓடி, தொலைபேசியை அவன் கையில் கொடுத்தாள்.

"இன்னா மாமா, ஏரிக்கே வழி சொல்ற ஆளு நீ. சேத்துல மாட்டிகினியாமே?"

"சிரிச்சிக்கடா. ஆனா ஜல்தியா வா. இப்ப பன்னெண்டாவது போவுது. நான் முப்பத்தொண்ணு. எனக்குக் கூட வாணாம், புள்ள பேரு கீது."

"வரேன். ஒண்ணே ஒண்ணு சொல்லு மாமா. அன்னிக்கு ஆஸ்பத்திரி வராண்டாவுல நின்னுகினு, 'கீறேன், நான் கீறேன்'னு கத்துனேனே. உன் காதுல வுழுந்துச்சா?"

பதினான்காவது பெயர் ஒலிபெருக்கியில் வந்தது. அதற்கான பதிலும் வந்தது.

"வுழுந்துச்சு" என்றார் அங்கமுத்து.

"நான்தான்னு தெரிஞ்சுதா?"

"தெரிஞ்சுது."

வேணு, "இத்தினி நாளா லைன்தான் சரியில்லன்னு நெனச்சிகினு கீறேன். செவ்வந்தி கூட சொல்லும், மாமாவுக்குக் கேட்டிருந்தா வுட்டிருக்க மாட்டாருன்னு" என்றான். இணைப்பு அறுந்தது.

வருவானா, மாட்டானா என்று தெரியாமல் அவர் பதினெட்டு வரை எண்ணினார். இருபது வரை எண்ணினார். பொய் சொல்லியிருக்கலாமே என்று அப்போது தோன்றியதா என்று பின்னொரு நாள் கேட்டேன். தோன்றியது என்றார், சொல்லியிருந்தால் விரைவாக வந்திருப்பான் என்றும் தோன்றியதாம்.

இருபத்து நான்காவது பெயரின்போது இயந்திர ஒலி கேட்டது. வேணு வந்தான். ஆனால் நீர் இருந்த எல்லை, படகிலிருந்து ஐம்பது மீட்டருக்கு அப்பால் இருந்தது. அதற்கு மேல் அவனாலும் வர முடியவில்லை.

"ரெண்டு பலகைய எடு மாமா. ஒண்ணு மேல படு, இன்னொண்ண முன்னால போடு. மாத்தி மாத்தி வா. நின்னியோ, போன."

அங்கமுத்து படகின் அடிப்பலகைகள் இரண்டைப் பெயர்த்தார். மார்பைப் பலகையில் வைத்து, மற்றதை முன்னால் தள்ளி, அதன்மேல் ஊர்ந்தார். பின்னாலிருந்ததை இழுக்கும் ஒவ்வொரு முறையும் சேறு அதை விட மறுத்தது. ஏறத்தாழ நடுவழியில் இருந்தபோது ஒலிபெருக்கி அவர் பெயரைச் சொன்னது.

"அங்கமுத்து."

அவர் நின்றார்.

"அங்கமுத்து."

சேற்றில் முகவாய் படிந்திருக்க, "கீறேன்" என்று கத்தினார். அது வேணுவுக்கு மட்டுமே கேட்டது. அவன் கழியைப் பிடித்தபடி வேறு பக்கம் பார்த்தான்.

மூன்றாம் முறை அழைத்துவிட்டு, நாட்டார் முப்பத்திரண்டாம் பெயருக்குப் போனார்.

வேணுவின் படகில் அவர் ஏறி விழுந்தபோது மணி பத்தே காலாகியிருந்தது. கண்ணும் பல்லும் தவிர உடலெங்கும் சேறு.

"இப்ப எங்க வுடறது?" என்றான் வேணு. "பஜார் துறையில வுட்டா குளிச்சிட்டு ஆட்டோவுல வரலாம். பொன்னேரி போனேன், பஸ்ஸு லேட்டுன்னு சொல்லிக்கோ. வலை வெவகாரம் எவனுக்கும் தெரியாது. ஆனா நீ வர்றதுக்குள்ள புதுப் பேரெல்லாம் எழுதி முடிச்சிருவாங்க. நேரா திடலுக்குன்னா, இதே கோலந்தான்."

"திடலுக்கு வுடு."

திடலின் ஓரத்தில் படகு முட்டியபோது நாட்டார் ஐம்பத்தெட்டாம் பெயரில் இருந்தார். முதலில் பெண்கள் பக்கம் சிரிப்பு எழுந்தது.

"இன்னா மாமா, நீ எறாவத் தேடினியா, எறா உன்னத் தேடிச்சா?"

"வலைய ஏத்துங்கடான்னு நேத்து மைக்குல கத்துனது இவருதானே?"

சிரிப்பு ஆண்கள் பக்கம் பரவி, பூவரசன் நின்ற இடத்தில் நின்றது. அவன் தகப்பனைப் பார்த்தான். வேட்டி மடிப்பை விட்டுக் கையை எடுக்கவில்லை.

"அங்கமுத்து, உன் பேரு போச்சுப்பா" என்றார் நாட்டார் முத்துராஜ்.

"கேட்டுச்சு. பதிவு நாள்ல எறங்கினதும் நெசம். வலை வுட்டதும் நெசம். ஆறு வருசமா வுட்டுகினு கீறேன். என் பேரு கெடக்கட்டும் நாட்டாரே. புள்ள பேர எழுதிக்குங்க."

நாட்டார் தீர்மானப் புத்தகத்தைத் திருப்பி அவர் பக்கம் காட்டினார். சேற்றுக் கையால் அங்கமுத்து அதைத் தொடவில்லை. பெயர் நீங்கியவர் அவ்வாண்டு பிறர் பெயரைக் கொடுத்தலும் இயலாது.

"உன் எழுத்துதானே?"

"என் எழுத்துதான்."

பிறகு முத்துராஜே பேசினார். அவர் கடுமையானவர் அல்லர்.

"புள்ள இன்னா பண்ணுவான்? தப்பு பண்ணது நீ. இந்த விதிய இப்பவே அடிச்சிடுவோம். நைனா பேரு போனாலும் புள்ள பேரு செல்லும்னு எழுதிக்குவோம். எழுதுன ஆளு நீ. மாத்தலாம்னு உன் வாயால சொல்லு, ஊரு ஒத்துக்கும். இன்னாப்பா, ஒத்துக்குவீங்களா?"

"ஒத்துக்கறோம்" என்று பல குரல்கள் எழுந்தன.

அங்கமுத்து ஒரு சொல் சொன்னால் போதும். அவர் மகனைப் பார்த்தார். திரும்பி வேணுவைப் பார்த்தார். பட்டியலை விட்டு விலகிப் போனவன் பதிவு முடியும் முன் திடலில் ஏறக் கூடாது. எனவே அவன் படகிலேயே நின்றிருந்தான். அவனுக்காக அந்த ஊர் ஒரு வரியையும் அடித்ததில்லை.

"மாத்தாதீங்க" என்றார் அங்கமுத்து. "அவனுக்கு மாத்தல. எனக்கும் வாணாம்."

பூவரசன் முன்னால் வந்தான்.

"நைனா, வேணு மச்சானுக்கு நீ பண்ணதுக்கு என் பேர ஏன் குடுக்கற? அது என் பேரு. உன்னுது இல்ல."

படகிலிருந்து வேணுவும் பேசினான். "எனக்காகவா மாமா இது? இதால எனக்கு இன்னா வந்துச்சு? அவன் வயித்துல அடிக்கச் சொல்லி நான் கேட்டனா?" பதிலுக்குக் காத்திராமல் கழியை ஊன்றிப் படகைப் பின்னுக்குத் தள்ளினான்.

நாட்டார் ஐம்பத்தொன்பதாம் பெயரை அழைத்தார். தீர்மானப் புத்தகம் அன்று வேறொருவர் கைக்குப் போயிற்று. விதி மட்டும் மாறாமல் நின்றது. எழுதியவனே மகனின் பெயரை இழந்தும் மாற்றாத விதி என்று அதற்கு ஒரு மதிப்பும் கூடிவிட்டது. இப்போது அதை மாற்றலாம் என்று எவரும் வாய் திறப்பதில்லை.

பிற்பகல் நீர் ஏறியதும் பூவரசன் தனியே போய்ப் படகை மீட்டு வந்தான். "நானும் வரேன்டா" என்ற தகப்பனை ஏற்றிக்கொள்ளவில்லை. ஆனி மாதத்தில் அவனுக்குக் கும்மிடிப்பூண்டியில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்தது. மோகனப்பிரியாவுடன் பொன்னேரியில் ரயில் நிலையத்துக்கு அருகே வாடகைக்குக் குடியேறினான். மாதம் ஒரு ஞாயிறு தாயைப் பார்க்க வருகிறான். தகப்பனிடம் சினந்து பேசுவதில்லை. நன்றாகத்தான் பேசுகிறான்: வண்டி, வெயில், விலைவாசி. அங்கமுத்து அந்த ஓராண்டும் பிறர் படகில் ஆளாகப் போனார்.

இவ்வாண்டு அவர் பெயர் பட்டியலுக்குத் திரும்புகிறது. மகன் பெயரைக் கொடுக்கவும் அவருக்கு உரிமை உண்டு. மகன் அருகில் நிற்க வேண்டும். சென்ற ஞாயிறு, மாலைப் பேருந்துக்காக மகன், மருமகளோடு சாலையில் நின்றிருந்தபோது அவர் அதைச் சொன்னார்.

"வர்ற ஞாயித்துக்கெழம பதிவுடா."

"தெரியும் நைனா. அம்மா சொல்லிச்சு."

"நான் பேரு குடுக்கலாம் இந்த வாட்டி. நீ வந்து நின்னா போதும். பத்து நிமிசம்."

"ஷிப்ட்டு கீது."

"கேட்டுப் பாரேன். ஒரு நாளுதானே."

"கேட்டா குடுப்பாங்க நைனா" என்றான் பூவரசன். "நான் கேக்கல."

பேருந்து வந்தது. மோகனப்பிரியா ஏறிச் சன்னலோரம் அமர்ந்து மாமனாருக்குக் கையசைத்தாள். பூவரசன் பயணச்சீட்டுக்குச் சில்லறை தேடிக்கொண்டிருந்தான்.